பாக்கி வைத்துப் போனவர்கள்: நெல்லைச் சீமையில் ஒரு மறுபிறவி உலகம் கட்டுவது எப்படி?

ஒரே ஆள் காலத்துக்குக் காலம் வேறு வேறு பெயரில் வந்து பிறக்கிறார். அந்தக் கதைகளை நாலைந்து பேர் பங்கு போட்டு எழுதுகிறார்கள். எல்லாம் ஒரே உலகத்தில் நடக்கிறது. ஒருவர் கதையில் உடைந்த குளம் அடுத்தவர் கதையிலும் உடைந்துதான் கிடக்க வேண்டும். இப்படி ஓர் உலகத்தைக் கட்ட ஆசை இருந்தும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் நாங்கள் நான்கு பேர் மூன்று வருஷமாக இந்த வேலையில் இருக்கிறோம்.

முதல் முயற்சியில் ஆறு பிறவி எழுதினோம். ஆறிலும் வாள். ஆறிலும் இடது தோளில் அதே மச்சம். ஆறிலும் போர்க்களத்தில் சாவு. எழுதி முடித்த சூட்டோடு, ஒரு கோவில் கொடைத் திருவிழாவுக்கு வந்திருந்த வில்லுப்பாட்டுப் பெரியவரிடம் கதையைச் சொன்னேன். உடுக்கையின் கயிற்றை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “செத்தவன் எதுக்குல திரும்பி வரணும்? அவனுக்கு இங்க என்ன பாக்கி கெடக்கு?”

என்னிடம் பதில் இல்லை. அந்த ஆறு கதைகளையும் ஒதுக்கிவிட்டு, அவர் கேட்ட கேள்வியிலிருந்து மறுபடி தொடங்கினோம். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

படி 1: முதலில் பாக்கியைக் கண்டுபிடியுங்கள்

பெயர், ஊர், ஆயுதம் எல்லாம் அப்புறம். ஒரு நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: யாருக்கு, என்ன, கொடுக்கப்படாமல் போனது?

நம் மொழியில் இது பழைய வழி. சிலப்பதிகாரத்தில் கோவலன் ஏன் அப்படிச் செத்தான் என்பதற்கு ஒரு முற்பிறவிக் கதை வருகிறது. போன பிறவியில் அவன் பரதன் என்ற அரச ஊழியன். சிங்கபுரத்துக்கு வியாபாரம் செய்ய வந்த சங்கமன் என்பவனை ஒற்றன் என்று பொய்ப்பழி சொல்லிக் கொல்ல வைத்தான். சங்கமன் மனைவி நீலி சாபம் இட்டுவிட்டு உயிரை விட்டாள். அதே மாதிரிப் பொய்ப்பழி, அதே மாதிரி விசாரணை இல்லாத கொலை, மதுரையில் கோவலன் தலையில் வந்து விழுகிறது. இதில் மச்சம், தழும்பு எதுவும் கிடையாது. அந்தச் சம்பவம்தான் திரும்பி வருகிறது, ஆட்கள் இடம் மாறி நிற்கிறார்கள். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பாபநாசத்துக்கு மேலே, காரையார் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போய் வாருங்கள். அங்கே பட்டவராயன் சன்னதியில் தோல் செருப்புகள் காணிக்கையாகக் கட்டித் தொங்கும். பட்டவராயனாகக் கும்பிடப்படும் முத்துப்பட்டன் என்ற பிராமணன், பொம்மக்கா திம்மக்கா என்ற அருந்ததியர் பெண்கள் இருவரைக் கட்டிக்கொண்டு, செருப்புத் தைத்து, மாடு காத்து, மாடு களவாட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தான் என்பது வில்லுக்கதை. காணிக்கைச் செருப்பை மறுவருஷம் பார்த்தால் நடந்து தேய்ந்திருக்கும், ராத்திரியில் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றுகிறார் என்று சொல்வார்கள். நான் முதல் தடவை போனபோது அந்தச் செருப்புகளுக்குக் கீழே வெகுநேரம் நின்றேன். மாமனாருக்குக் கொடுத்த வாக்கு முடியவில்லை, மாடுகள் இன்னும் காட்டில் நிற்கின்றன, அதனால் அவருக்குச் செருப்பு வேண்டியிருக்கிறது. பாக்கி என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

படி 2: சிரட்டையைத் தேர்ந்தெடுங்கள்

ஆங்கிலத்தில் ஆர்க்கிடைப் என்பதை நம் விமர்சகர்கள் தொல்படிமம் என்று எழுதுவார்கள். எங்கள் குழுவில் அதற்குச் சிரட்டை என்று பெயர். கருப்பட்டி காய்ச்சுகிற இடத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும். பதநீர் வேறு வேறு பனையிலிருந்து வருகிறது, ஒரு நாள் பதம் மறுநாள் இருக்காது. ஆனால் ஊற்றுகிற சிரட்டை அதே சிரட்டை. கவிழ்த்துத் தட்டினால் அதே அரைவட்டம். கடித்துப் பார்த்தால் ருசி வேறு.

ஆக, “வீரன்” என்பது சிரட்டை ஆகாது, ரொம்ப அகலம். செயலாகச் சொல்லுங்கள். கதவைக் கடைசியாகச் சாத்துகிறவர். செய்தி கொண்டுபோகிறவர். தனக்குச் சொந்தமில்லாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர். வாள் பிடிக்காத ஆளாக இருந்தால் இன்னும் நல்லது.

எங்கள் உலகத்தின் முதல் சிரட்டைக்கு மூச்சடக்கி என்று பெயர் வைத்தோம். மூச்சை அடக்கிக்கொண்டு, மேலே இருப்பவர் கையிலுள்ள கயிற்றை நம்பி, அடுத்தவருக்காக அடியில் இறங்குகிறவர். அவரோடு இரண்டாவது சிரட்டை ஒன்றும் ஒட்டிக்கொண்டே வந்தது: கயிறு பிடிப்பவர். ஜோடியாக யோசிப்பது புதியவர்களுக்கு ரொம்ப உதவும். ஒற்றை ஆள் மறுபடி மறுபடி பிறந்தால் அது அவர் பெருமை பேசுகிற கதையாகத் திரும்பிவிடுகிறது. இரண்டு பேர் என்றால் நடுவில் ஒரு கணக்கு இருக்கும்.

படி 3: எல்லை கட்டுங்கள்

நாங்கள் பழைய திருநெல்வேலி மாவட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டோம். 1986-ல் தூத்துக்குடியும் 2019-ல் தென்காசியும் தனி மாவட்டம் ஆனது நிர்வாகத்துக்கு. கதைக்குப் பொதிகை முதல் புன்னைக்காயல் வரை தாமிரபரணி ஒரே கோடு. மலை, வயல், கரிசல், தேரி மணல், கடல் எல்லாம் ஒரு நாள் பஸ் பயணத்துக்குள் இருக்கிற சீமை இது. பிறவிக்குப் பிறவி நிலத்தை மாற்றுவதற்கு வசதி.

நிலம் நகர்வதையும் குறித்துக்கொள்ளுங்கள். கொற்கை பாண்டியரின் முத்துத் துறைமுகம். இன்றைக்குப் போனால் கடல் கண்ணில் படாது. ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணில் கரை தள்ளிப்போய், ஊர் சில கிலோமீட்டர் உள்ளே நிற்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக் கதை எழுதும்போது இந்த ஒரு விஷயமே பெரிய வரம். முதல் பிறவியில் மூழ்கிச் செத்த இடத்தில் இந்தப் பிறவியில் வாழைத்தோப்பு இருக்கும்.

படி 4: எப்படித் திரும்பி வருகிறார்கள் என்று முடிவெடுங்கள்

மூன்று வழிகள் நம் கையிலேயே இருக்கின்றன. ஒன்று, வினை வழியாக மறுபிறப்பு. மணிமேகலை தன் முற்பிறவியை அறிந்துகொள்வதைப் போல. இரண்டு, பெயர் வழியாக. பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தா பெயரைத் தூக்கிக்கொண்டு நடப்பவன். மூன்று, எங்கள் ஊர்க் கொடைகளில் நடப்பது. சாமி இறங்குவது.

நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். ஏன் என்று சொல்கிறேன். கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் கதையைப் பிறப்பிலிருந்து பாடிக்கொண்டே வருவார். வீசுகோல் நாணில் விழும், வில்லில் கட்டிய மணிகள் குலுங்கும், குடம் அதிரும். கதையில் அந்த ஆள் வெட்டுப்படுகிற இடம் நெருங்க நெருங்க, அதுவரை ஓரமாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற சாமியாடி ஒருவருக்கு முதலில் கால் பெருவிரல் நடுங்கும். அப்புறம் தொடை. அப்புறம் அவர் அவராக இல்லை. முன்னூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவர் அந்த ராத்திரி மட்டும் வந்து, தனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போகிறார். விடிந்தால் அதே மனிதர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்.

இதில் எங்களுக்குக் கிடைத்த விதி: எங்கள் உலகத்தில் யாரும் முழுசாக வேறொருவர் கிடையாது. அவரவர் வாழ்க்கை அவரவருக்கு. ஒரே ஒரு நாழிகை மட்டும் பழையவர் வந்து நிற்கிறார், அந்த நாழிகையில் பழைய தவறு மறுபடி எதிரே வருகிறது. அந்த ஆளுக்குத் தெரியவே தெரியாது. வாசகருக்கு மட்டும் தெரியும். இந்த விதி வந்த பிறகு, “நான்தான் முற்பிறவியில்...” என்று தொடங்கும் வசனம் எங்கள் கதைகளில் ஒன்றுகூடக் கிடையாது.

படி 5: பிறவிகளை வரிசைப்படுத்துங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். எங்கள் மூச்சடக்கி வரிசையை அப்படியே காட்டுகிறேன்.

முதல் பிறவி கொற்கையில். கீரன் முத்துக் குளிக்க இறங்குகிறான், படகில் கயிறு பிடிப்பவன் சாத்தன். மனைவியின் உடன்பிறந்தான். முத்துக்குளிப்பில் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள், தங்கை தாலி போகும் என்ற பயத்தில் விடமாட்டான் என்று கடற்கரையில் சொல்வதுண்டு. மேலே இழு என்று கீரன் அடியிலிருந்து கயிற்றை மூன்று முறை சுண்டுகிறான். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் படகில் ஒரு பெரிய முத்துக்கு விலை பேசுகிறார்கள். சாத்தன் திரும்பிப் பார்க்கிறான். அவ்வளவுதான். அவன் கெட்டவன் இல்லை. சுண்டல் கையில் பட்டது, மனசில் படவில்லை. இந்த மூன்று சுண்டல்தான் எங்கள் பாக்கி.

இரண்டாவது, பாண்டியர் காலத்துக் குளம் ஒன்றில். இதற்குக் குமிழித் தூம்பு பற்றிப் படித்தோம். குளத்துக்குள்ளே, கரையிலிருந்து தள்ளி, இரண்டு கல் தூண்கள் நிற்கும். ஒருவர் நீந்திப் போய், முங்கி, மேல் துளையின் மூடியைத் தூக்கிவிட வேண்டும். தண்ணீர் போக நீரோடி என்று ஒரு துளை, அடியில் சேறு போகச் சேறோடி என்று ஒரு துளை. இவ்வளவு அழகான கல் வேலையைப் பார்த்துவிட்டு அதில் ஒரு ஆளை இறக்காமல் இருக்க முடியுமா? ஐப்பசி அடைமழை, குளம் தளும்புகிறது. இந்த முறை இறங்குகிறவன் சாத்தனின் நாழிகையைச் சுமப்பவன், கயிறு பிடிப்பவன் கீரனின் நாழிகையைச் சுமப்பவன். காரணம் தெரியாத ஒரு பயத்தில் இவன் கயிற்றை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிக்கிறான். முதல் சுண்டலிலேயே இழுத்துவிடுகிறான். மூடி திறக்கவில்லை. ஆள் பிழைத்தான், கரை உடைந்து ஊர் போனது.

கவனியுங்கள்: பாக்கி குறையவில்லை, கூடிவிட்டது. புதியவர்கள் பெரும்பாலும் இரண்டாவது பிறவியிலேயே கணக்கைத் தீர்த்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் மூன்றாவது பிறவிக்கு வேலை இருக்காது. இடத்தை மாற்றுங்கள், தவறை எதிர்ப்பக்கம் திருப்புங்கள்.

மூன்றாவதில் தண்ணீரே இல்லை. 1801, பாஞ்சாலங்குறிச்சிக் கரிசல். கும்பினிச் சிப்பாய்கள், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள், விறகு விற்கும் ஒரு பெண்ணைப் பிடித்து வைத்துக் கேட்கிறார்கள். அவளுக்கு மூச்சடக்குவது என்றால் வாய் திறக்காமல் இருப்பது. கயிறு என்பது வெளியே ஒருவன் கொடுத்த வாக்கு. சிரட்டை அதேதான், பதநீர் வேறு. இந்தக் கதையை எழுதிய நண்பர் கயிறு என்ற சொல்லை ஒரே ஒரு இடத்தில்தான் பயன்படுத்தினார், விறகுக்கட்டைக் கட்டுகிற இடத்தில். படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

நான்காவது, 2023 டிசம்பர் 17. அன்றைக்குக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூரிலிருந்து வந்த ரயில் நின்றுபோய், சுமார் 800 பேர் வெள்ளத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். அந்த ராத்திரி, அந்தப் பக்கத்தில், பெயர் சொல்லாத ஒரு கிராமத்தில் எங்கள் கதை நடக்கிறது. அதைக் கடைசிப் படியில் காட்டுகிறேன்.

படி 6: உண்மையான வீரர்களைத் தொடும்போது

இந்தச் சீமையில் எழுத உட்கார்ந்தால் ஒரு ஆசை தானாக வரும். கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊர் ஒட்டப்பிடாரம். அங்கே 1872-ல் வ.உ.சி. பிறக்கிறார். அதே வெள்ளைக்காரனை எதிர்க்கிறார். “அவர்தான் இவர்” என்று எழுதக் கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுத்தது, எட்டுப் பக்கம் எழுதியும் விட்டேன்.

தயவுசெய்து செய்யாதீர்கள். காரணம் இரண்டு. முதலாவது, அது வ.உ.சி.யிடமிருந்து அவர் உழைப்பைப் பறிக்கிறது. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கப் பங்குதாரர்களைத் தேடி அலைந்தது அவர். 1908-ல் கோரல் மில் தொழிலாளர்களோடு நின்றது அவர். இரட்டை ஆயுள் தண்டனை வாங்கியதும் கோவைச் சிறையில் செக்கிழுத்ததும் அவர் உடம்பு. ஒவ்வொன்றையும் அவர் யோசித்து முடிவெடுத்தார். முற்பிறவி வேகத்தில் செய்தார் என்று எழுதினால் அந்த முடிவெடுத்தலுக்கு மதிப்பே இல்லாமல் போகிறது. இரண்டாவது, இங்கே ஒவ்வொரு வீரருக்கும் அவரைத் தங்கள் தாத்தாவாக நினைக்கும் மக்கள் இருக்கிறார்கள். ஒருவரை இன்னொருவரின் மறுபிறவி என்று சொல்வது, ஒரு வீட்டுப் பெரியவரைத் தூக்கி வேறு வீட்டில் வைப்பது மாதிரி. பூலித்தேவன், ஒண்டிவீரன், சுந்தரலிங்கம் என்று யார் பெயரை எடுத்தாலும் இந்த நிதானம் வேண்டும்.

சரி, அப்படியானால் என்ன செய்வது? பக்கத்தில் ஒரு கற்பனை ஆளை நிறுத்துங்கள். 1801 பிப்ரவரி 2-ல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார்கள். அது வரலாறு, அதில் கை வைக்காதீர்கள். அன்றைக்கு அந்தத் தெருவில் விறகுக்கட்டோடு நடந்த பெயரில்லாத பெண் உங்களுடையவள். அவளை என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

சமீபத்தில் இறந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறவர்கள், இவர்களை எந்தச் சிரட்டையிலும் ஊற்ற வேண்டாம். 2023 வெள்ளக் கதையிலும் உண்மையில் இறந்த யாரையும் நாங்கள் தொடவில்லை.

படி 7: சேர்ந்து எழுதும் ஒழுங்கு

வில்லுப்பாட்டு மேடையில் வலம்பாடி, இடம்பாடி என்று இரண்டு பக்கம் உண்டு. நடுவில் இருப்பவர் ஒரு வரி விட்டால் அடுத்தவர் அதை வாங்கி, தன் பங்கைச் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பார். நாங்களும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். ஒருவர் பிறவியை எழுதினால், அடுத்த பிறவியை வேறொருவர் எழுத வேண்டும். முந்தையவர் வைத்த பாக்கியை வாங்கியே ஆக வேண்டும்.

ஒரு கூகுள் ஷீட் போதும். காலம், இடம், பெயர், தொழில், என்ன பாக்கி வாங்கியது, என்ன பாக்கி வைத்தது. ஆறு கட்டம். கடைசி இரண்டும் நிரம்பாத கதையை நாங்கள் சேர்த்துக்கொள்வதில்லை.

இரண்டு கதைகள் முரண்பட்டால் சண்டை வேண்டாம். முத்துப்பட்டன் கதையையே பாருங்கள். பொம்மக்காவும் திம்மக்காவும் பட்டனின் மாமனார் வாலப்பகடையின் சொந்தப் பெண்கள் என்று ஒரு பாடம், எடுத்து வளர்த்த பிராமணக் குழந்தைகள் என்று இன்னொரு பாடம். இரண்டும் பாடப்பட்டிருக்கின்றன. ஆனால் இரண்டாவது பாடத்தில் பட்டன் கடந்த வேலி ரொம்பச் சின்னதாகிவிடுகிறது, கதையின் கூர்மையே மழுங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். எங்கள் உலகத்தில் முரண் வந்தால் இரண்டையும் வைத்துக்கொண்டு, “மேல்கரையில் இப்படிச் சொல்வார்கள், கீழ்கரையில் இப்படி” என்று எழுதிவிடுவோம். யார் எதை மாற்றிச் சொல்கிறார்கள், ஏன் மாற்றினார்கள் என்பதே அடுத்த கதைக்கு விதையாகும்.

படி 8: முதல் காட்சியை எழுதுங்கள்

இவ்வளவு ஆயத்தத்துக்குப் பிறகு செய்யக்கூடாத ஒன்று, எல்லாவற்றையும் முதல் பக்கத்தில் கொட்டுவது. கைக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு பொருளைப் பிடியுங்கள். அந்தப் பொருள் போதும். எங்கள் நான்காவது பிறவியில் வருவது இது:

காந்திமதி கயிற்றைப் புளியமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மிச்சத்தைக் கையில் வைத்திருந்தாள். மாடு கட்டுகிற நீல நைலான் கயிறு. நனைந்ததில் வழுக்கியது. கரண்ட் போய் நாலு மணி நேரம். மாமா தண்ணீரில் இறங்கிப் போன திசையில் ஆச்சி வீட்டு ஓடு மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

பின்னால் யாரோ கத்தினார்கள், “ஏட்டி, ரயில்ல வந்தவங்களுக்கு ஹெலிகாப்டர் வருதாம்ட்டி!” எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். அவளும் கழுத்தைத் திருப்பப் போனாள்.

கயிறு ஒருமுறை சுண்டியது. தண்ணீரின் இழுப்பாக இருக்கலாம். அவள் திரும்பவில்லை. உள்ளங்கையைத் தளர்த்தாமல், இறுக்காமல், அப்படியே வைத்திருந்தாள். ஏன் இழுக்காமல் நிற்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டாவது.

மூன்றாவது வந்ததும் காலை மரத்தின் வேரில் ஊன்றி இழுக்கத் தொடங்கினாள்.

இதில் கொற்கை என்ற பெயர் இல்லை, குளம் இல்லை, கீரனும் சாத்தனும் இல்லை. முந்தைய மூன்று கதைகளைப் படித்தவருக்கு அந்த மூன்று சுண்டல் போதும். படிக்காதவருக்கும் இது ஒரு வெள்ளத்து ராத்திரியாக முழுசாக இருக்கும். உங்கள் காட்சி இரண்டு பேருக்கும் பிடிபடுகிறதா என்று பார்க்க, உலகம் தெரிந்த ஒருவரிடமும் தெரியாத ஒருவரிடமும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். நான் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவருக்கு எங்கள் ஷீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. “மூணாவதுக்கு ஏன் காத்திருந்தா?” என்று கேட்டார். நான் சாத்தனிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.